மலிவு விலையில் ஒரு மூளை

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே நம் வகுப்பில் ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நட்பு, தாய்ப்பாசம், செஞ்சிக் கோட்டை, வேலையில்லாத் திண்டாட்டம்... எல்லாம் போய்விட்டது. கடைசியில் எனக்கு மிஞ்சியது ஸ்டோர் ரூமில் கிடைத்த மூன்று பழைய சிப்புகள்தான். போரடிக்கும் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஒரு சண்டைக் கதை. என் வீட்டுக் கதையும் கொஞ்சம் இதில் கலந்திருக்கிறது.

ஸ்டோர் ரூம் புதையல்

ஐந்தாவது செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை. துறை ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்ய எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். ஓடாத ஆசிலோஸ்கோப், ஓரம் உடைந்த டிரெய்னர் கிட், எலி கடித்த வயர், அதற்கெல்லாம் அடியில் மஞ்சளாகிப்போன கம்ப்யூட்டர் பெட்டிகள். "எல்லாத்தையும் பிரிங்கடா. கேபினெட் தனியா, போர்டு தனியா வையுங்க" என்றார் லேப் அண்ணன்.

மூன்று மதர்போர்டுகள் என் கைக்கு வந்தன. சாக்கெட் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைத் தூக்கினால் சிப்பு பூப்போல வெளியே வந்துவிட்டது. முதலாவதில் இன்டெல் பென்டியம். இரண்டாவதில் ஏ.எம்.டி. கே6. மூன்றாவதின் தலையில் பொன்னிறத் தகடு, அதில் சைரிக்ஸ் என்று எழுதியிருந்தது.

"சைரிக்ஸா? ஏதோ டூப்ளிகேட் மாலுடா" என்றான் என் நண்பன். லேப் அண்ணன் சிரித்துவிட்டார். "டூப்ளிகேட் இல்லடா. அமெரிக்கா கம்பெனி. ஒரு காலத்துல இன்டெல்லையே அசைச்சுப் பாத்த கம்பெனி" என்றார். பிறகு ஒரு வேலை செய்தார். இன்டெல் இருந்த போர்டில் ஏ.எம்.டி. சிப்பை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதை எடுத்துவிட்டு சைரிக்ஸை வைத்தார். அதுவும் உட்கார்ந்தது! ஜம்பரை மாற்றி வோல்டேஜை மட்டும் சரியாக வைத்தால் போதுமாம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இன்றைக்கு இன்டெல் போர்டில் ஏ.எம்.டி. சிப்பு உட்காராது. அன்றைக்கு மூன்று கம்பெனிக்கும் ஒரே சாக்கெட். அதன் பெயர் சாக்கெட் 7, அதில் 321 துளைகள். நம் ஊரில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் ஒரே மதில் சுற்றி வளைத்திருக்கிறதே, அதுதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வருகிறவர்கள் ராஜா கோட்டை ஏறுவார்கள். கால் வலிக்காதவர்கள் ராணிக் கோட்டையும் ஏறுவார்கள். மூன்றாவது மலைப் பக்கம் போகிறவர் குறைவு. சைரிக்ஸ் அந்த மூன்றாவது மலை.

சண்டை தொடங்கியது எப்படி?

அன்று இரவே படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கு மூளை இன்டெல்லின் 8088. ஆனால் ஒரே ஒருவனை நம்பிச் சரக்கு எடுக்க ஐ.பி.எம்.முக்கு மனமில்லை. அதே சிப்பைத் தயாரிக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்றது. ஒரே வியாபாரி இருக்கிற சந்தையில் அவன் சொன்னதுதான் விலை என்பது நமக்கும் தெரியும்தானே! அப்படி 1982-ல் இன்டெல்லோடு ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்ததுதான் ஏ.எம்.டி.

1985-ல் 386 வந்ததும் இன்டெல் கதவைச் சாத்திக்கொண்டது. "இதை நாங்கள் மட்டுமே செய்வோம்" என்றது. பல வருடம் வழக்கு நடந்தது. ஏ.எம்.டி. சும்மா இருக்கவில்லை. 1991-ல் தன் சொந்த 386-ஐ 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இறக்கியது. இன்டெல்லின் 386 டி.எக்ஸ். 33 மெகாஹெர்ட்ஸோடு நின்றிருந்தது. வெறும் எண்ணை யாரும் தன் வணிகப் பெயராகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று அதே ஆண்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 586 என்று வரவேண்டிய சிப்புக்கு 1993-ல் பென்டியம் என்று இன்டெல் பெயர் வைத்ததற்கு இதுதான் காரணம். நாம் பள்ளிக்கூடத்தில் மந்திரம்போல் சொன்ன பெயர், போட்டிக்காரனைத் தடுக்க வைத்த வேலி!

சைரிக்ஸ் கதை இன்னும் சுவையானது. 1988-ல் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சன் நகரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கியது. முதலில் கணக்குப் போடும் துணைச் சிப்புதான் செய்தார்கள். அப்புறம் 486, அப்புறம் 6எக்ஸ்86. அவர்களுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலையே கிடையாது. வடிவமைப்பு இவர்களுடையது, சிப்பை வார்த்துக் கொடுத்தது ஐ.பி.எம்., எஸ்.ஜி.எஸ். தாம்சன் போன்றவர்கள். சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்குப் பயிர் வைத்து மிராசுதாரோடு போட்டி போட்ட மாதிரி.

இதில் நம் நாட்டவர் ஒருவரும் வருகிறார். புனேயில் பிறந்து டெல்லியில் பொறியியல் படித்து அமெரிக்கா போன வினோத் தாம். இன்டெல்லில் பென்டியம் திட்டத்தை நடத்தியவர் என்பதால் 'பென்டியத்தின் தந்தை' என்றே அவரைச் சொல்வார்கள். அவர் 1995-ல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கியது. நெக்ஸ்ஜென் வரைந்து வைத்திருந்த சிப்பே 1997 ஏப்ரலில் கே6 என்ற பெயரில் வந்து, பென்டியத்தோடு மோதியது. இன்டெல்லின் அதே வேகச் சிப்பைவிடக் கால்பங்கு விலை குறைவு என்பதை ஏ.எம்.டி. ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது. பென்டியத்தை ஆளாக்கியவரே அதற்கு எதிரணியையும் ஆளாக்கினார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

தலையில் எழுதியது

இப்போது அந்தப் பொன்னிறச் சிப்புக்கு வருவோம். அதன் தலையில் 'பி166+' என்று பெரிதாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் 133 மெகாஹெர்ட்ஸ். 133-ல் ஓடுகிற சிப்புக்கு 166 என்று ஏன் பேர்?

ஒரேயடியாகப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கடிதம் அடிப்பது, கணக்குப் பட்டியல் போடுவது மாதிரி வேலைகளில் அந்தச் சிப்பு பென்டியம் 166-க்குச் சமமாக ஓடியது. ஒரு துடிப்புக்கு அதிக வேலை செய்கிற வடிவமைப்பு. ஆனால் புள்ளி வைத்த தசமக் கணக்குகளில் அது சுணங்கியது. 1996-ல் குவேக் என்ற விளையாட்டு வந்தது. அது முழுக்க முழுக்க அந்த மாதிரிக் கணக்கை நம்பிய விளையாட்டு. சைரிக்ஸ் வாங்கின பையன்கள் வீட்டில் அது திக்கித் திணறியது. ஒரு வேலைக்கு உண்மையாக இருந்த லேபிள் இன்னொரு வேலைக்குப் பொய்யாகிவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் லேபிளைப் பார்த்து நானே ஏமாந்தவன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

என் அப்பா செஞ்சியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். நெல்லும் மல்லாட்டையும் வருகிற காலத்தில்தான் கையில் காசு பார்ப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்தது, அரசு கொடுத்துவந்த மடிக்கணினித் திட்டம் சில ஆண்டுகளாக நின்றுபோயிருந்த காலம். இரண்டாம் ஆண்டில் லேப் வேலைக்கு லேப்டாப் இல்லாமல் முடியவில்லை. அப்பா சேர்த்து வைத்தது ஒன்பதாயிரம். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தது ஏழாயிரம். பதினாறாயிரத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு அப்பாவும் நானும் பஸ் ஏறி, வெளியூரில் பழைய லேப்டாப் விற்கிற ஒரு கடைக்குப் போனோம்.

மேஜையில் இரண்டு மெஷின். ஒன்றில் ஐ5 ஸ்டிக்கர், ஒன்றில் ஐ3. இரண்டும் ஒரே விலை.

அப்பா கடைக்காரரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "ரெண்டுல எதுடா மேல?"

"ஐ5 தான் மேல பா. அஞ்சு மூணவிடப் பெருசு இல்ல?" என்றேன்.

படித்த பிள்ளை சொல்லிவிட்டான். அப்பா மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில் லேப்டாப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து லேப்பில் எல்லாருடைய மெஷினிலும் புதிய சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். என்னுடையது மட்டும் முக்கிக்கொண்டு நின்றது. லேப் அண்ணன் உள்ளே போய் முழு எண்ணைப் பார்த்தார். ஐ5-2520எம். "தம்பி, கோடு போட்டதுக்கு அப்புறம் வர முதல் நம்பரைப் பாரு. ரெண்டு. ரெண்டாவது தலைமுறை. 2011-ல வந்தது. விண்டோஸ் 11 இதுல முறைப்படி ஏறாது. அதுக்கு எட்டாவது தலைமுறையாவது வேணும்."

2011-ல் எனக்கு வயது மூன்றோ நாலோ!

அந்தக் கடையில் பக்கத்தில் இருந்த ஐ3-ன் எண் எனக்கு மறக்கவில்லை. 8130யூ. எட்டாவது தலைமுறை. ஏழு வருடம் இளையது. வேகமும் அதுதான் அதிகம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஸ்டிக்கரும் பொய் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான்தான் ஸ்டிக்கரைப் படித்தேன், எண்ணைப் படிக்கவில்லை.

வீட்டில் சொல்ல நாலு நாள் ஆயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். குழுக் கடனில் அப்போதுதான் முதல் தவணை கட்டியிருந்தோம். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"மூட்டை வாய்ல இருக்கறதைப் பாத்துட்டு எவனாவது வெல சொல்லுவானாடா? நடுவுல குத்தூசி போட்டு எடுத்துத்தான் பாப்பாங்க. மேல நல்லா இருக்கும், உள்ள பதரா இருக்கும். மல்லாட்டை மூட்டைன்னா நான் பாத்துருப்பேன். இது எனக்குத் தெரியாது. இதுக்கு நீதானே குத்தூசி? அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சது?"

நண்பர்களே, மூன்று வருடப் படிப்பில் எந்த வகுப்பிலும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் நடத்தப்படவில்லை.

எதை வெட்டினார்கள்?

மறுபடி சண்டைக்கு வருகிறேன். 1997-ல் சைரிக்ஸ் இன்னொரு காரியம் செய்தது. மீடியா ஜி.எக்ஸ். என்ற சிப்பு. படம் காட்டுகிற வேலை, சத்தம் போடுகிற வேலை எல்லாவற்றையும் மூளையோடு சேர்த்துவிட்டார்கள். தனித்தனி கார்டு வேண்டாம். அதை வைத்து காம்பேக் கம்பெனி 999 டாலருக்குக் கம்ப்யூட்டர் விற்றது. ஆயிரம் டாலருக்குள் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர்! இதே ஆண்டு டெக்சாஸிலேயே சென்டார் என்ற குழு, ஐ.டி.டி. கம்பெனிக்காக வின்சிப் என்ற இன்னொரு மலிவுச் சிப்பைக் கொண்டுவந்தது. கீழே இத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தபோது இன்டெல் மேலே விலை உயர்ந்த பென்டியம் 2-ஐ விற்றுக்கொண்டிருந்தது.

பதிலடியாக 1998 ஏப்ரலில் இன்டெல் செலரான் என்ற மலிவுச் சிப்பை இறக்கியது. 266 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 2-ன் அதே மூளை. விலையைக் குறைப்பதற்காக அதன் இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை முழுவதுமாக வெட்டிவிட்டார்கள்.

கேஷ் என்றால் என்ன என்று புரியாதவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க் என்பது மளிகைக் கடை. ரேம் என்பது நம் வீட்டுப் பரண். கேஷ் என்பது அடுப்புப் பக்கத்தில் இருக்கிற அஞ்சறைப் பெட்டி. கடுகு, மிளகு, சீரகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு, 'தாளிப்புக்கு ஒவ்வொரு முறையும் பரண் ஏறு' என்று அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும்? கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் குழம்பு இறங்காது. கையில் இருக்கிற ஒரு பிடி (அது முதல் நிலை கேஷ்) எத்தனை நேரத்துக்கு வரும்? முதல் செலரானுக்கு நேர்ந்தது அதுதான். ஆபீஸ் வேலைகளில் சொதப்பியது, கெட்ட பெயர் வாங்கியது.

இன்டெல் பாடம் கற்றுக்கொண்டது. அதே 1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. 128 கிலோபைட் கேஷ். பென்டியம் 2-ல் இருந்த 512-ல் கால்பங்குதான். ஆனால் சிப்புக்குள்ளேயே, மூளையின் முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். பென்டியம் 2-லோ கேஷ் தனியாக வெளியே, பாதி வேகத்தில். பெட்டி சின்னது, ஆனால் கைக்குப் பக்கத்தில்! அந்தச் சிப்பு விலை உயர்ந்த அண்ணனுக்குச் சமமாக நின்றது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றி அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். எல்லாச் சிப்பும் தாங்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் நிறையத் தாங்கின.

இரண்டும் மலிவுச் சிப்புதான், பெயரும் ஒன்றுதான். ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. ஆக, விலை குறைவு என்பது குற்றமல்ல. விலையைக் குறைக்க எதை வெட்டினாய் என்பதுதான் கேள்வி. வெட்டக்கூடாததை வெட்டினால் அது மலிவு இல்லை, நஷ்டம்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். பத்தாவது முடித்ததும் ஒரு சொந்தக்காரர் வந்து, "பையனை பெங்களூருக்கு அனுப்பு, மாசம் பன்னெண்டாயிரம் வரும்" என்றார். அப்போது வீட்டில் வெட்ட வேண்டிய செலவு நிறைய இருந்தது. அப்பா சாயங்கால டீயை வெட்டினார். அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டார். அம்மா இரண்டு தீபாவளிக்குப் புடவையை வெட்டினார். என் பஸ் பாஸையும் பீஸையும் வெட்டவில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த இரண்டு பேருக்கு எதை வெட்டக்கூடாது என்று தெரிந்திருந்தது. முதல் செலரானை வடிவமைத்த கம்பெனிக்கு அது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது!

மூன்றாவது மலை என்ன ஆயிற்று?

பென்டியம் 2 வந்த 1997-லேயே இன்டெல் பொதுவான சாக்கெட்டை விட்டு வெளியேறிவிட்டது. ஸ்லாட் 1 என்ற புதிய வாசல். அதில் மற்றவர் சிப்பு நுழைய முடியாது. ஏ.எம்.டி. மட்டும் பழைய மதிலையே உயர்த்திக் கட்டி, 1998-ல் கே6-2 என்று வந்து தாக்குப்பிடித்தது. 1999-ல் ஆத்லான் என்ற சிப்போடு அதுவும் தன் தனி வாசலுக்குப் போயிற்று. 2000 மார்ச்சில் 1000 மெகாஹெர்ட்ஸ் கோட்டை முதலில் தொட்டது ஏ.எம்.டி.தான்.

சைரிக்ஸால் முடியவில்லை. சொந்தத் தொழிற்சாலை இல்லை, வழக்குச் செலவு வேறு. 1997-ல் நேஷனல் செமிகண்டக்டர் அதை வாங்கியது. 1999-ல் தைவானின் வியா கம்பெனிக்குக் கைமாறியது. சென்டாரும் அதே ஆண்டு வியாவிடம் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: 2000-ல் வியா 'சைரிக்ஸ் 3' என்று ஒரு சிப்பு விற்றது. அதைக் குத்தூசி போட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது சென்டாரின் வடிவமைப்பு! பெயர் ஒருவருடையது, மூளை இன்னொருவருடையது.

ஆனால் சைரிக்ஸின் வித்து அழியவில்லை. அந்த மீடியா ஜி.எக்ஸ். நேஷனலிடம் இருந்து ஜியோட் என்ற பெயரில் வளர்ந்தது. 2003-ல் ஏ.எம்.டி. அதை வாங்கியது. 2007-ல் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காகப் பச்சையும் வெள்ளையுமாக ஒரு சின்ன லேப்டாப் செய்தார்களே, 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்று, அதற்குள் ஓடியது ஜியோட்தான். தோற்றவன் போட்ட விதை பள்ளிக்கூடத்தில் முளைத்தது.

நம் கோட்டையும் அப்படித்தானே? 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றி நின்று பிடித்த கோட்டை. 1714-ல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து விழுந்த இடம். ஜெயித்தவர்கள் பேரை நாம் தேடித்தான் படிக்க வேண்டும். தோற்ற தேசிங்கு பேர் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தபோது தெருவில் பேசிக்கொண்டதும் தேசிங்கைப் பற்றித்தான்.

நமக்கு இதனால் என்ன?

'அமெரிக்கக் கம்பெனிகள் அடித்துக்கொண்டால் மேல்மலையனூர் ரோட்டில் இருக்கிறவனுக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை பாகம் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள்தான் முன்பு ஊர் ஊராகப் போய் டைப்ரைட்டிங் சென்டரையும் ஜாப் டைப்பிங் கடையையும் நிரப்பின. போர்டு ஒருவருடையது, மூளை இன்னொருவருடையது என்று மாற்றிப் போட முடிந்ததால்தான் பட்ஜெட்டுக்கு ஏற்றபடி மெஷின் கட்ட முடிந்தது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2025-ல் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி அறிவித்தது. லட்சக்கணக்கில் அரசு வாங்கும்போது 'இவன் இல்லாவிட்டால் அவன்' என்று சொல்ல ஒரு அவன் இருக்க வேண்டும். இருந்தால்தான் விலை இறங்கும். எங்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்தான். அதில் ஏ.எம்.டி. ஸ்டிக்கர் இருந்தது. அதில் எம்.எஸ். பெயின்டில் வீடு வரைந்துதான் நான் மவுஸ் பிடிக்கக் கற்றேன்.

ஆனால் ஒன்று. இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள் என்பதற்காக இரண்டு பேரையும் நம்பிவிடாதீர்கள். லேபிள் வித்தை இன்றும் தொடர்கிறது. 2023-ல் இன்டெல் லேப்டாப்களுக்கு பென்டியம், செலரான் என்ற பெயர்களை விட்டுவிட்டு வெறும் 'இன்டெல் பிராசஸர்' என்று மாற்றியது. ஏ.எம்.டி.யின் ரைசன் 3 7320யூ என்ற சிப்பைப் பாருங்கள். 7 என்று தொடங்குவதால் புத்தம் புதுசு என்று தோன்றும். மூன்றாவது எண் 2. அதாவது 2019-ல் வந்த ஸென் 2 வடிவமைப்பு. ஆகவே வாங்கப் போகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் குத்தூசி இதோ:

1. ஐ5, ரைசன் 5 என்ற ஸ்டிக்கரோடு நிற்காதீர்கள். முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள். எந்தத் தலைமுறை, எந்த ஆண்டு என்று பாருங்கள்.

2. எத்தனை கோர்? என்னுடைய ஐ5-ல் இரண்டே கோர்தான்.

3. ரேம் கூட்ட முடியுமா, எஸ்.எஸ்.டி. போட முடியுமா? சில மெஷின்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

4. இந்த விலைக்குக் கொடுக்க எதை வெட்டியிருக்கிறார்கள்? நமக்கு வேண்டாததை வெட்டியிருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் சண்டையெல்லாம் ஒரே மொழிக்காக, அந்த எக்ஸ்86 ஆணைத் தொகுப்பை யார் பேசலாம் என்பதற்காக நடந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற ஆணைத் தொகுப்பை யாரும் உரிமைக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதை வைத்து சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பிராசஸர்களை வடிவமைத்தார்கள். 2018-ல் ஒரு சிப்பு அமெரிக்காவில் இன்டெல்லின் தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டது. இன்னொன்று சண்டிகரில் உள்ள நம் நாட்டு ஆலையில் வார்க்கப்பட்டது. நம் மேஜைக் கம்ப்யூட்டரில் இன்டெல்லை எடுத்துவிட்டுச் சக்தியைப் போடும் நாள் வரவில்லை. சின்னக் கருவிகளுக்கான சிப்புகள்தான் அவை. இருந்தாலும் செஞ்சியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டரில் ஒரு மூளையை வரைகிறார்கள் என்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று

"டிப்ளமோவா? ஏன், இன்ஜினியரிங் சேர்க்கலியா?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் நம்மில் யார்? கல்யாண வீட்டில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். நாமும் மலிவுப் பதிப்புதான் நண்பர்களே, ஒத்துக்கொள்வோம். மூன்று வருடம், குறைந்த பீஸ், சீக்கிரம் வேலை. ஆனால் நம்மிடம் எதை வெட்டியிருக்கிறார்கள், எது மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்டிக்கரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. சால்டரிங் தெரியாமல், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாமல் சான்றிதழோடு வெளியே போனால் நாமும் கேஷ் இல்லாத செலரான்தான்.

என் லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் ஏற்றினேன். இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன். குழுக் கடன் அடைந்துவிட்டது. போன மாதம் அப்பாவோடு மூட்டை தூக்குகிற மாமா ஒருவர் தன் மகளுக்கு லேப்டாப் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் எண்ணைப் படித்து, உள்ளே பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன மாடல், என்ன விலை என்றெல்லாம் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரே கேள்விதான் கேட்டார்.

"குத்தூசி போட்டுப் பாத்தியாடா?"

"பாத்தேன் பா" என்றேன்.